அமானிதமும் அதன் விலையும்: பிறர் செல்வத்தைக் காத்தவர்களின் வரலாறு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



வில்லியனூர் வட்டாரத்துச் சிற்றூரான செல்லிப்பட்டில், சங்கராபரணி ஆற்றின் குறுக்கே பிரெஞ்சு ஆட்சிக் காலத்துப் படுகை அணை ஒன்று உண்டு. ஆற்று நீரைத் தேக்கிச் சுற்றுப்புற வயல்களுக்கும் நிலத்தடிக்கும் ஊட்டம் தந்த அணை அது. 2021ஆம் ஆண்டு பெருவெள்ளத்தில் அது உடைந்தபோதுதான், தேங்கி நின்ற நீரின் அருமையை அப்பகுதி உழவர்கள் முழுமையாக உணர்ந்தார்கள். அணை நீருக்கு உரிமையாளன் அன்று. பிறருக்குரியதைத் தாங்கி நிற்பதும், உரிய நேரத்தில் உரியவரிடம் சேர்ப்பதுமே அதன் வேலை.

நம் குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் இன்று ஏறக்குறைய அதே வேலைக்குச் செல்கிறார்கள். சென்னையிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் உள்ள வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும் 'வெல்த் மேனேஜர்' என்றும் 'வாடிக்கையாளர் ஆலோசகர்' என்றும் அழைக்கப்படும் பணி அது. வசதி படைத்த குடும்பங்களின் செல்வத்தை எங்கே வைப்பது, எதில் முதலீடு செய்வது, அடுத்த தலைமுறையிடம் எப்படிச் சேர்ப்பது என்று வழிகாட்டுவதே அவர்களது கடமை. “இது என்ன வேலை? இந்தச் சம்பளம் ஹலாலா?” என்று பெற்றோர் கேட்பது இயல்பு. பெயர் புதிதாக இருக்கலாம்; வேலை மிகப் பழையது. அதன் வரலாற்றைப் புரட்டினால், அக்கேள்விக்குரிய விடையின் பெரும்பகுதி அங்கேயே கிடைக்கிறது. அந்த வரலாற்றின் ஓர் அத்தியாயம், செல்லிப்பட்டைச் சூழ்ந்துள்ள இந்த வில்லியனூர் மண்ணிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

மக்காவில் ஒரு வைப்பகம்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு நபித்துவத்திற்கு முன்பே மக்கத்து மக்கள் சூட்டிய பெயர் 'அல் அமீன்', நம்பிக்கைக்குரியவர். வங்கிகள் இல்லாத அந்நகரில் வணிகர்களும் பயணிகளும் தங்கள் பொருளை நம்பகமான ஒருவரிடம் ஒப்படைத்துச் செல்வது வழக்கம். நபித்துவத்திற்குப் பிறகும், அவர்களைப் பொய்யர் என்று தூற்றியவர்களே தம் பொருளை அவர்களிடம் ஒப்படைத்து வந்தார்கள் என்பது சிந்திக்கத்தக்கது. கொள்கையில் எதிர்த்தார்கள், கணக்கில் நம்பினார்கள்.

கி.பி. 622இல் ஹிஜ்ரத் புறப்படும் வேளை வந்தது. உயிருக்கே ஆபத்து சூழ்ந்த அந்த இரவிலும் ஒப்படைக்கப்பட்ட பொருள்கள் மறக்கப்படவில்லை. அவற்றை உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்காகவே அலி (ரலி) அவர்கள் மக்காவில் நிறுத்தப்பட்டார்கள். அப்பணியை முடித்த பின்னரே அவர்கள் மதீனா நோக்கிப் புறப்பட்டார்கள் என்று சீறா நூல்கள் கூறுகின்றன. பகைவரின் பொருளாயிற்றே, அவர்கள் நம் சொத்துகளைப் பறித்தவர்களாயிற்றே என்ற வாதம் அங்கே எழவில்லை. அமானிதங்களை அவற்றிற்கு உரியவர்களிடமே ஒப்படைக்குமாறு திருக்குர்ஆன் (4:58) இடும் கட்டளை, உரியவர் யார் என்று பார்த்துத் தளர்வதில்லை.

சுபைர் (ரலி) அவர்கள் மாற்றிய ஒரு சொல்

நபித்தோழர் சுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களிடமும் மக்கள் தம் செல்வத்தைக் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். ஒருவர் பொருளோடு வந்து, “இதை அமானிதமாக வைத்திருங்கள்” என்பார். சுபைர் (ரலி) அவர்களோ அதை அமானிதமாக ஏற்க மறுத்துக் கடனாகவே பெற்றுக்கொள்வார்கள். பொருள் தொலைந்துபோகுமோ என்ற அச்சமே அதற்குக் காரணம் என்று புகாரி ஷரீஃபில் வரும் செய்தி தெரிவிக்கிறது.

இதன் நுட்பத்தை ஃபிக்ஹு அறிந்தோர் உடனே உணர்வர். அமானிதப் பொருள், காப்பவரின் கவனக்குறைவு இன்றித் தொலைந்தால் அவர் ஈடு செய்ய வேண்டியதில்லை. இழப்பு உரிமையாளரைச் சாரும். கடன் அப்படியன்று. வெள்ளம் வந்தாலும் கொள்ளை போனாலும் வாங்கியவர் திருப்பித் தந்தே ஆகவேண்டும். அந்தப் பொருளைப் பயன்படுத்தும் உரிமை கடன் பெற்றவருக்குக் கிடைக்கிறது என்பது உண்மை. ஆயினும் இழப்பு முழுவதையும் சுபைர் (ரலி) அவர்கள் தம் தலைமேல் ஏற்றிக்கொண்டார்கள். ஆளுநர் பதவியோ வரி வசூலிக்கும் பொறுப்போ அவர்கள் வகித்ததில்லை என்றும் அச்செய்தி குறிப்பிடுகிறது. அவர்கள்மீது மக்கள் வைத்த நம்பிக்கைக்கு அதிகாரம் அடிப்படையாக இருக்கவில்லை.

கி.பி. 656இல், ஜமல் போர் நாளில், தம் மரணத்தை முன்னுணர்ந்த சுபைர் (ரலி) அவர்கள் மகன் அப்துல்லாஹ் (ரலி) அவர்களிடம் முதன்மையாகச் சொன்னது கடனைப் பற்றியே: சொத்தை விற்றுக் கடனை அடை, இயலாதபோது அல்லாஹ்விடம் உதவி கேள். மகன் கணக்கெடுத்தபோது கடன் 22 இலட்சம் நாணயங்கள். கையில் ரொக்கமாக ஒரு தீனாரோ திர்ஹமோ இல்லை. இருந்தவை நிலங்களும் வீடுகளுமே. மதீனாவை அடுத்த 'அல் காபா' நிலத்தைச் சுபைர் (ரலி) அவர்கள் 1,70,000க்கு வாங்கியிருந்தார்கள். மகன் அதை 16,00,000க்கு விற்றுக் கடன்களை அடைத்தார்.

கடன் தீர்ந்ததும் வாரிசுகள் பங்கு கேட்டார்கள். அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் உடனே பிரிக்கவில்லை. நான்கு ஆண்டுகள், ஒவ்வொரு ஹஜ் காலத்திலும், தம் தந்தையிடம் எவருக்கேனும் கடன் வரவேண்டியிருந்தால் வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று அறிவித்துக்கொண்டே இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் பாகப்பிரிவினை. அப்போது நான்கு மனைவியருள் ஒவ்வொருவருக்கும் 12 இலட்சம் கிடைத்தது. பிறர் பொருளைக் காத்த ஒருவரின் குடும்பம், தனக்குரியதைத் தொடும் முன் பிறருக்குரியது எதுவும் மிச்சமில்லை என்று நான்கு ஆண்டுகள் உறுதி செய்துகொண்டது.

உமர் (ரலி) அவர்கள் கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை வக்ஃபு செய்த நிகழ்ச்சியையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். நிலத்தை விற்கக் கூடாது, அன்பளிப்பாகக் கொடுக்கக் கூடாது, வாரிசுரிமையாகப் பிரிக்கக் கூடாது. விளைச்சல் மட்டும் ஏழைகளுக்கும் உறவினருக்கும் பயணிகளுக்கும் செல்ல வேண்டும் என்பன நிபந்தனைகள். அத்துடன் நிர்வகிப்பவருக்கும் ஒரு விதி இருந்தது. அவர் நியாயமான அளவில் அதிலிருந்து உண்ணலாம். அதைக் கொண்டு தமக்குச் செல்வம் சேர்க்கக் கூடாது. யத்தீம்களின் பொருளைக் காப்பவர் பற்றிய வசனமும் (4:6) இதே திசையில் நடக்கிறது. வசதியுள்ளவர் விலகிக்கொள்ளட்டும், தேவையுள்ளவர் நியாயமான அளவு எடுத்துக்கொள்ளட்டும், பொருளை ஒப்படைக்கும்போது சாட்சிகளை வைத்துக்கொள்ளட்டும். ஆகவே பிறர் செல்வத்தை நிர்வகிப்பதற்குக் கூலி பெறுவது குற்றமன்று. அதன் அளவும் வெளிப்படைத்தன்மையுமே கேள்வி.

1740: புதுச்சேரிக்கு வந்த ஒரு குடும்பம்

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1740 மே 20 அன்று தாமல்செருவுக் கணவாயில் ரகுஜி போன்ஸ்லேயின் மராட்டியப் படை, ஆற்காட்டு நவாப் தோஸ்து அலி கானைத் தோற்கடித்தது. நவாபும் அவருடைய மகன் ஒருவரும் போர்க்களத்தில் மடிந்தார்கள். செய்தி பரவியதும் கர்நாடகப் பகுதியின் செல்வந்தர்கள் கோட்டையுள்ள கடற்கரை நகரங்களை நோக்கி ஓடினார்கள். தோஸ்து அலி கானின் விதவை, குடும்பத்தினருடனும் பெரும் பரிவாரத்துடனும் செல்வத்துடனும் புதுச்சேரியின் வாயிலுக்கு வந்தார். நவாபின் மருமகனாகிய சாந்தா சாஹிபின் மனைவி மக்களும் அங்கே அடைக்கலம் புகுந்தார்கள்.

அப்போது பிரெஞ்சுக் கும்பெனியின் ஆளுநர் பெனுவா டூமா. வாயிலைத் திறப்பதா வேண்டாமா என்று அவருக்குத் தயக்கம் இருந்திருக்கும். திறந்தால் மராட்டியரின் பகை. மறுத்தால் நவாப் குடும்பத்தின் நட்பு போய்விடும். திறந்தார். மரியாதையுடன் வரவேற்றார். 1741 மார்ச்சில் திருச்சிராப்பள்ளி வீழ்ந்து சாந்தா சாஹிப் மராட்டியர் கையில் சிறைப்பட்டார். அவருடைய மனைவி மக்களையும் செல்வத்தையும் ஒப்படைக்குமாறு ரகுஜி வற்புறுத்தினார். புதுச்சேரியைத் தாக்குவதாகவும் மிரட்டினார். டூமா இணங்கவில்லை. அடைக்கலம் புகுந்த பெண்களைக் கைவிட மாட்டோம் என்ற அவருடைய உறுதி அன்றைய தென்னாட்டில் பெரும் புகழ் பெற்றது. நிஜாமிடமிருந்து பாராட்டு வந்தது. தில்லியிலிருந்து நவாப் பட்டமும் மன்சப் பதவியும் வந்தன.

முஸ்லிம் குடும்பம் ஒன்றின் அமானிதத்தை மாற்றுச் சமயத்தார் ஒருவர் உயிரைப் பணயம் வைத்துக் காத்த இந்நிகழ்ச்சியை நாம் நன்றியோடு நினைவுகூர வேண்டும். நேர்மை எவரிடம் இருந்தாலும் அது நேர்மையே. ஆயினும் வரலாறு அங்கே முடியவில்லை.

காவலர் கூட்டாளியானபோது

1742இல் டூமாவுக்குப் பின் டூப்ளே ஆளுநரானார். டூமா பெற்ற நவாப் பட்டம் அவருக்கும் வந்து சேர்ந்தது. சாந்தா சாஹிபோ ஏறத்தாழ ஏழாண்டுகள் மராட்டியரின் சிறையில் இருந்தார். குடும்பம் புதுச்சேரியில் இருந்ததால், விடுதலைக்கான பிணைத்தொகைப் பேச்சுகளும் கடிதப் போக்குவரத்தும் புதுச்சேரி வழியாகவே நடந்தன. அவற்றில் டூப்ளேயும் ஈடுபட்டார். தங்க இடமும் பாதுகாப்பும் தந்தவர், இப்போது விடுதலைக்கும் பேசுபவரானார். 1748இல் சாந்தா சாஹிப் விடுதலையானதும் அவருக்குப் படையுதவி செய்பவரும் அவரே ஆனார்.

1749 ஆகஸ்டு 3 அன்று ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருத்தீன் கான் கொல்லப்பட்டார். முஸஃபர் ஜங்கும் சாந்தா சாஹிபும் பிரெஞ்சுப் படையின் துணையோடு வென்றார்கள். வெற்றிக்குப் பின் புதுச்சேரிக்கு வந்த அவர்கள் பிரெஞ்சுக்காரர்களுக்குச் செய்த கைம்மாறுகளுள் வில்லியனூர், பாகூர்ப் பகுதிகள் அடங்கும். நாம் இன்று பேருந்தில் கடந்து செல்லும் இந்தக் கொம்யூன்கள் புதுச்சேரியோடு இணைந்த கதை இதுதான். ஒரு குடும்பத்துக்குத் தரப்பட்ட அடைக்கலத்தில் தொடங்கிய உறவு, ஒன்பது ஆண்டுகளில் ஊர்களும் வயல்களும் கைமாறுவதில் வந்து நின்றது.

இதை இலஞ்சம் என்றோ ஏமாற்று என்றோ சொல்லிவிட முடியாது. அன்றைய அரசியலில் நன்றியும் ஆதாயமும் அப்படித்தான் பின்னியிருந்தன. ஆனால் செல்வத்தைக் காப்பவர், அச்செல்வத்திற்கு உரியவரின் கூட்டாளியும் கடன்காரரும் படைத்துணையும் ஆகிவிட்டால், பிறகு அவரிடமிருந்து நடுநிலையான ஆலோசனை வருமா? “இந்தப் போர் உங்களுக்கு வேண்டாம்” என்று சாந்தா சாஹிபிடம் சொல்லக்கூடிய நிலையில் டூப்ளே இல்லை. அந்தப் போர்களில் அவருக்கும் பங்கு இருந்தது.

1752 ஜூனில் ஸ்ரீரங்கத்தில் முற்றுகைக்கு உள்ளான சாந்தா சாஹிப், தஞ்சைத் தளபதியிடம் சரணடைந்து கொல்லப்பட்டார். டூப்ளே 1754இல் திருப்பி அழைக்கப்பட்டார். தம் சொந்தப் பணத்தைக் கும்பெனியின் போர்களுக்குச் செலவிட்டதாகவும் அதைத் திருப்பித் தர வேண்டும் என்றும் பாரிஸில் ஆண்டுக்கணக்கில் வழக்காடி, 1763இல் வறுமையில் இறந்தார். தம் பணம், கும்பெனியின் பணம், நவாபின் பணம் என்று மூன்று கணக்குகளும் ஒன்றோடொன்று கலந்துவிட்ட நிலையில், அவற்றைப் பிரித்துக் காட்ட இயலாமல் காத்தவரும் அழிந்தார், காக்கப்பட்டவரும் அழிந்தார். சுபைர் (ரலி) அவர்களின் மகன் நான்கு ஆண்டுகள் காத்திருந்து கணக்கைத் தனித்தனியாகப் பிரித்ததன் அருமை இங்கேதான் நமக்கு விளங்குகிறது.

துபாஷி எழுதிய குறிப்புகள்

இவற்றையெல்லாம் அருகிருந்து பார்த்து எழுதி வைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய தமிழ் நாட்குறிப்பு, புதுச்சேரி வரலாற்றின் முதன்மை ஆவணம். 1746இல் கனகராய முதலியார் மறைந்தபின் பிள்ளை தலைமைத் துபாஷி ஆனார். துபாஷி என்றால் இரு மொழி அறிந்தவர் என்று பொருள். ஆனால் மொழிபெயர்ப்பு அவர் வேலையில் ஒரு பகுதியே. கும்பெனிக்குத் துணி வாங்கும் வணிகர்களை ஒன்றுசேர்ப்பதும், அவர்களது நாணயத்துக்குப் பொறுப்பேற்பதும், செல்வந்தர்களின் வேண்டுகோளை ஆளுநரிடம் எடுத்துச் செல்வதும், ஆளுநரின் சொந்த வணிகத்தைக் கவனிப்பதும் அவர் கையில் இருந்தன. இன்றைய வாடிக்கையாளர் ஆலோசகரின் முன்னோடி என்று அவரைச் சொன்னால் மிகையாகாது.

அந்நாட்குறிப்பைப் படிப்போருக்கு ஒன்று புலப்படும். யார் யாருக்கு என்ன நஜர் கொடுத்தார்கள், எந்தப் பதவிக்கு எவ்வளவு பேசப்பட்டது என்பவை அதில் வெளிப்படையாக வருகின்றன. இரு தரப்புக்கும் இடையே நிற்பவர் இரு தரப்பிலும் பெறுவது அன்றைய வழக்கம். அதை எவரும் மறைக்கவில்லை. இன்றைக்கு அதே வழக்கம் வேறு பெயர்களில் தொடர்கிறது. வேறுபாடு என்னவெனில், இன்று அது பெரும்பாலும் வாடிக்கையாளரின் கண்ணில் படாத படிவத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கிறது.

நோத்தேரும் சபுராளியும்

பிரெஞ்சு ஆட்சி நம் குடும்பங்களுக்கு ஒரு நல்ல பழக்கத்தையும் விட்டுச் சென்றது. 1819 ஜனவரி 6ஆம் நாள் ஆணைப்படி, இந்தியர்கள் அவரவர் சட்டத்தின்படியும் வழக்கத்தின்படியும் தீர்ப்பளிக்கப்பட்டார்கள்; ஆகவே முஸ்லிம்களின் வாரிசுரிமைக்கு ஷரீஅத்தே அடிப்படையாயிற்று. அதே நேரத்தில் கிரயமும் அடமானமும் பாகப்பிரிவினையும் 'நோத்தேர்' என்ற பத்திர எழுத்தரின் முன்னிலையில் எழுதப்பட்டன. மூலப் பத்திரம் அவர் அலுவலகத்தில் இருக்கும். தரப்பினருக்குப் படிகள் கிடைக்கும். நீதியோடு எழுதும் ஒருவரைக் கொண்டு கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறும் சாட்சிகளை வைத்துக்கொள்ளுமாறும் பணிக்கும் திருவசனம் (2:282) நமக்கு ஏற்கெனவே கற்றுத் தந்ததுதான் இது.

ஆனால் குடும்பத்துக்குள் நாம் எழுதிக்கொள்ளவில்லை. புதுச்சேரி, காரைக்கால் முஸ்லிம்கள் பலர் பிரெஞ்சு இந்தோசீனத்தின் சைகோனுக்கு வணிகம் செய்யச் சென்றார்கள். 1935இல் அந்நகரின் நடுவே எழுந்த பள்ளிவாசல், தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டியதே. சபுராளி அங்கே உழைத்து அனுப்பிய பணம் இங்கே அண்ணன் பெயரிலோ மைத்துனர் பெயரிலோ நிலமாயிற்று. “உன் பெயர், என் பெயர் என்று பார்ப்பானேன்? எல்லாம் ஒரே வீடுதானே” என்ற பாசத்தில் எழுத்து விடுபட்டது. அனுப்பியவர் மறைந்தபின், பெயரில் இருந்தவரின் பிள்ளைகள் அதைத் தங்கள் தந்தையின் சொத்தாகவே நினைத்தார்கள். அவர்கள் எல்லோரும் தீயவர்கள் அல்லர். அது அமானிதம் என்று அவர்களுக்கு யாரும் எழுதி வைக்கவில்லை. இப்படிப் பேச்சு நின்றுபோன உறவுகள் இல்லாத மஹல்லாவைக் காண்பது அரிது. சைகோனில் 1975க்குப் பின் கடைகளையும் வீடுகளையும் இழந்து திரும்பியோரின் அனுபவம் இன்னொரு பாடம் சொல்லும்: செல்வம் முழுவதையும் ஒரே நாட்டில், ஒரே தொழிலில் வைப்பது, எவ்வளவு உழைப்பாளியையும் ஓரிரவில் வெறுங்கையனாக்கிவிடும்.

குடும்ப வக்ஃபு: 1894 முதல் 1923 வரை

ஆங்கிலேய இந்தியாவில் வசதியுள்ள முஸ்லிம் குடும்பங்கள் செல்வத்தைத் தலைமுறை கடந்தும் காக்கக் கையாண்ட வழி 'வக்ஃபு அலல் அவ்லாத்'. சொத்தை வக்ஃபு செய்து, வருவாய் முதலில் சந்ததியினருக்கும், சந்ததி அற்றுப்போகுமானால் ஏழைகளுக்கும் சேரும்படி எழுதுவது அது. 1894இல், வங்காளத்து வழக்கொன்றில், இலண்டன் பிரிவி கவுன்சில் இத்தகைய வக்ஃபு செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஏழைகளுக்கு உரியதாகச் சொல்லப்படும் பங்கு வெறும் தோற்றமே என்பது அதன் கருத்து. தம் குடும்பத்துக்குச் செலவிடுவதும் தருமமே என்ற இஸ்லாமியப் பார்வை அந்நீதிபதிகளுக்குப் பிடிபடவில்லை.

சமுதாயம் கொதித்தது. நீதிபதி அமீர் அலி இத்தகைய வக்ஃபுகளுக்காக வாதிட்டார். அல்லாமா ஷிப்லி நுஃமானி நாடெங்கும் ஆதரவு திரட்டினார். முகம்மது அலி ஜின்னா சட்டமன்றத்தில் மசோதாவைக் கொண்டுவந்தார். 1913இல் முஸ்லிம் வக்ஃபு செல்லுபடிச் சட்டம் நிறைவேறியது. அது 1930இல் முற்காலத்து வக்ஃபுகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. போராடிப் பெற்ற உரிமை என்று நாம் பெருமைப்படுவதில் தவறில்லை.

அதோடு நின்றுவிடாமல் அடுத்த பக்கத்தையும் படிக்க வேண்டும். முத்தவல்லிகள் வக்ஃபுச் சொத்தின் விவரத்தையும் தணிக்கை செய்த கணக்கையும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்று 1923இல் ஒரு சட்டம் வந்தது. குடும்பத்தினர் பயன்பெறும் வக்ஃபுகள் அதில் சேரவில்லை. சொத்தைப் பூட்டி வைக்கும் உரிமையை வென்ற நாம், கணக்குக் காட்டும் கடமையை அதே ஊக்கத்துடன் கேட்கவில்லை. கைபர் நிலத்துக்கு உமர் (ரலி) அவர்கள் இட்ட நிபந்தனையின் முதல் பாதி பின்பற்றப்பட்டது. நிர்வாகியைக் கட்டுப்படுத்தும் இரண்டாம் பாதி அவரவர் மனச்சாட்சிக்கு விடப்பட்டது.

இன்றைய ஆலோசகர்

2019 ஜூனில் பெங்களூரில் ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம் சரிந்தது. வட்டியில்லா ஹலால் முதலீடு என்ற பெயரில் பல்லாயிரம் முஸ்லிம் குடும்பங்கள் அதில் பணம் போட்டிருந்தன. மகளின் நிக்காஹுக்குச் சேர்த்ததும், ஹஜ்ஜுக்கு எடுத்து வைத்ததும், ஓய்வூதியமும் அதில் போயின. அங்கே பணம் போட்டவர்கள் பேராசைக்காரர்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அவர்களுள் பெரும்பாலோர் வட்டிக்கு அஞ்சியவர்கள். அவர்களது இறையச்சத்தையே தூண்டிலாக்கினார்கள் என்பதுதான் கொடுமை. மாதந்தோறும் தவறாமல் வந்த 'இலாபம்' எந்த வணிகத்திலிருந்து வருகிறது என்று கேட்பது அவநம்பிக்கை என்று பலர் எண்ணிவிட்டார்கள். கேட்பது அவநம்பிக்கை அன்று. 2:282 கற்பித்த ஒழுக்கம்.

பரஸ்பர நிதியை விற்று, நிதி நிறுவனத்திடமிருந்து கமிஷன் பெறுபவர் விநியோகஸ்தர். வாடிக்கையாளரிடம் மட்டுமே கட்டணம் பெற்று ஆலோசனை சொல்பவர், செபி அமைப்பில் பதிவுபெற்ற முதலீட்டு ஆலோசகர். இவர்களுக்கான விதிமுறைகள் 2013இல் வந்தன. ஒரே வாடிக்கையாளருக்கு ஆலோசனையும் சொல்லி, விற்பனைக் கமிஷனும் பெறும் முறை பின்னர் தடை செய்யப்பட்டது. கமிஷன் சேராத 'டைரக்ட்' திட்டங்களும் 2013 ஜனவரி முதல் உண்டு. விநியோகஸ்தர் செய்வது சட்டப்படியான தொழிலே. ஆனால் அவர் யாரிடம் கூலி பெறுகிறார் என்பதை அறிந்துகொண்டு அவர் சொல்லைக் கேட்க வேண்டும். டூப்ளேயின் ஆலோசனையைச் சாந்தா சாஹிப் கேட்டது போலக் கேட்கக் கூடாது.

இப்பணிக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது, செய்யும் ஒப்பந்தத்தின் பெயரைத் தெளிவாக வைக்க வேண்டும் என்பது. கூலிக்கு வேலை செய்யும் வகீலா, இலாபத்தில் பங்கு கொள்ளும் முளாரிபா, பாதுகாத்துத் தரும் காவலரா? மூன்றுக்கும் இழப்பின் பொறுப்பு வேறு வேறு. சுபைர் (ரலி) அவர்கள் பொருளை வாங்கும் முன்னரே 'அமானிதம்' என்ற சொல்லைக் 'கடன்' என்று மாற்றினார்கள். வாங்கிய பின் அன்று.

அடுத்ததாக, வட்டி சார்ந்த பத்திரத்தையோ மது, சூது சார்ந்த பங்கையோ விற்க வேண்டிய நெருக்கடி வந்தால் என்ன செய்வது என்பதை வேலையில் சேரும் முன்பே ஆலிம்களிடம் கேட்டுத் தெளிய வேண்டும். மாதாந்திர இலக்கு தலைமேல் தொங்கும் நாளில் அந்தத் தெளிவு பிறக்காது.

குடும்பத்தின் வயோதிகர் ஒருவர், “எல்லாவற்றையும் மூத்த மகன் பெயருக்கே எழுதிவிடலாமா?” என்று கேட்கும் நேரம் வரும். அப்போது மகள்களின் பங்கை நினைவூட்டும் துணிவு ஆலோசகருக்கு வேண்டும். வஸிய்யத் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பதும், அந்த மூன்றில் ஒன்றே அதிகம்தான் என்று ஸஃத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் உணர்த்தியதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒரு சொல்லால் அவருக்கு ஒரு பெரிய வாடிக்கையாளர் கைநழுவலாம். ஆனால் அதைச் சொல்லாமல் விட்டால், அறைக்கு வெளியே நிற்கும் ஒரு மகளின் உரிமை பறிபோகும். செல்வக் குடும்பங்களுக்கு ஆலோசகராக இருப்பதில் உள்ள உண்மையான சோதனை இதுவே.

செல்வம் உள்ள நமக்கும் கடமை உண்டு. வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணம் யாருடையது, எதற்கு என்று எழுதி வையுங்கள். தம்பி பெயரில் நிலம் வாங்கினால் அதற்கும் முறையான பத்திரம் செய்யுங்கள். அவர் கோபித்துக்கொண்டாலும் செய்யுங்கள். இன்றைய ஒரு நாள் வருத்தம், நாளை பேரப்பிள்ளைகளின் முப்பதாண்டு வழக்கைத் தடுக்கும். ஜகாத் கணக்கை ஆண்டுதோறும் எடுக்கும்போதே கடன்களையும் அமானிதங்களையும் தனிப்பக்கத்தில் எழுதிப் பிள்ளைகளிடம் காட்டுங்கள்.

செல்லிப்பட்டு அணை உடைந்தபோது தேங்கியிருந்த நீர் கடலுக்குப் போயிற்று. அடுத்த மழையில் ஆற்றில் மீண்டும் நீர் வந்தது. அமானிதம் உடைந்தால் போகும் நம்பிக்கையோ அவ்வளவு எளிதில் திரும்புவதில்லை. நம் பிள்ளைகள் எந்த நகரத்தின் எந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் அமர்ந்து யாருடைய செல்வத்தை எண்ணினாலும், அல் அமீன் என்று அழைக்கப்பட்டவரின் உம்மத்தினர் என்பதை மறவாதிருக்கட்டும்.

யா அல்லாஹ்! எங்களிடம் ஒப்படைக்கப்பட்டவற்றை உரியவர்களிடம் குறைவின்றிச் சேர்க்கும் வலிமையை எங்களுக்குத் தருவாயாக. பிறர் உரிமை எங்கள் தலைமேல் இருக்கும் நிலையில் எங்களை உன்னிடம் அழைத்துக்கொள்ளாதிருப்பாயாக. எங்கள் செல்வத்தில் பரக்கத் செய்வாயாக. ஆமீன்.